மூலிகைச் சாறு கொடுத்தால் புழுவின் ஆயுள் நீள்கிறது: இதை எவ்வளவு நம்பலாம்?

தளிர்

வணக்கம். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஏழெட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு மருந்துச் செடியின் வேரை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை சி. எலிகன்ஸ் உருளைப்புழுவுக்குக் கொடுத்து, ஆயுள் நீள்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை முடியும்வரை செடியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறார். அதனால் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

முதல் முறை, சாறு கலந்த தட்டில் இருந்த புழுக்கள் தெளிவாகவே கூடுதல் நாள் இருந்தன. சாறு கலக்காத கட்டுப்பாட்டுத் தட்டுகளில் எல்லாம் செத்து முடிந்த பிறகும் இந்தப் பக்கம் சில புழுக்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. அந்த வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டாம் முறை, நாளுக்கு எத்தனை புழு உயிரோடு இருக்கின்றன என்று வரைந்த இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிட்டன. மூன்றாம் முறை மறுபடியும் நீண்டது, ஆனால் முதல் முறை அளவுக்கு இல்லை.

கூட வேலை செய்பவர் "மூன்றில் இரண்டு போதும், எழுதிவிடு" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதில் எதை நம்புவது? இந்தத் துறையில் திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால், மஞ்சளிலுள்ள குர்குமின் என்று படித்த கட்டுரைகள் எல்லாமே வெற்றிக் கதையாகவே இருக்கின்றன. எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

நுண்ணோக்கி

தளிர், உங்களுக்கு மட்டும் ஆகவில்லை. புழு எண்ணுகிற எல்லோருக்கும் ஆகிறது. பலர் அந்த இரண்டாம் முறையை எழுதுவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் அதை இங்கே எழுதியதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

சில விவரங்கள் சொல்லுங்கள். சாற்றை எதில் கரைத்தீர்கள்? டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் என்றால் கட்டுப்பாட்டுத் தட்டிலும் அதே அளவு போட்டீர்களா? ஏன் கேட்கிறேன் என்றால், டிஎம்எஸ்ஓ கொஞ்சம் கூடினால் அதுவே புழுவின் ஆயுளை நீட்டிவிடும். புழுக்கள் தின்ற பாக்டீரியா உயிருள்ளதா, கொன்றதா? குஞ்சுகள் வராமல் தடுக்கும் எஃப்யூடிஆர் மருந்து போட்டீர்களா? தட்டை ஏறித் தப்பிய புழுக்களையும், முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரித்துச் செத்த தாய்ப்புழுக்களையும் கணக்கில் எப்படிச் சேர்த்தீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம்: எண்ணும்போது எந்தத் தட்டில் மருந்து இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

தளிர்

அக்கா, டிஎம்எஸ்ஓ இரண்டு பக்கமும் ஒரே அளவு, மிகக் குறைவுதான். பாக்டீரியா வழக்கமான ஓபி50, உயிருள்ளது. எஃப்யூடிஆர் போட்டேன். தப்பியவற்றையும் வயிற்றில் பொரித்தவற்றையும் தனியாகக் குறித்து, செத்த கணக்கில் சேர்க்காமல் விட்டேன். குழுவுக்கு அறுபது புழு.

கடைசிக் கேள்விக்கு... ஆம், தெரியும். தட்டின் மேல் நானே பெயர் எழுதியிருந்தேன்.

நுண்ணோக்கி

சரி. அப்படியானால் அங்கிருந்து தொடங்குவோம்.

புழு செத்ததா இல்லையா என்று எப்படி முடிவு செய்கிறோம்? பிளாட்டினக் கம்பியால் மெல்லத் தொடுகிறோம். அசைந்தால் உயிர், அசையாவிட்டால் இறப்பு. இருபதாம் நாள் புழு உடனே அசைவதில்லை. இரண்டு முறை தொட்டால் அசையாது, நான்காம் முறை தொட்டால் மூக்கு நுனி மட்டும் நகரும். மருந்துத் தட்டு என்று தெரிந்துவிட்டால் நம்மை அறியாமலே நான்காம் முறை தொட்டுப் பார்ப்போம், கட்டுப்பாட்டுத் தட்டு என்றால் இரண்டோடு விட்டுவிடுவோம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, கை செய்கிற வேலை இது. நான் முதல் ஆண்டில் எடுத்த ஒரு முழுத் தொகுப்பு இதனாலேயே வீணாயிற்று. பெயரை மறைத்து இன்னொருவர் எண்ணியபோது நான் கண்ட நீட்சியில் பாதி காணவில்லை. அன்றிலிருந்து தட்டின் மேல் எண் மட்டும்தான் எழுதுகிறேன், எந்த எண் எது என்ற தாள் வேறொருவர் மேசையில் இருக்கும்.

அறுபது புழு என்பதும் குறைவு. நீட்சி பெரிதாக இருந்தால் அறுபதிலும் தெரியும். பத்து, பதினைந்து விழுக்காடு நீட்சியைப் பிடிக்க வேண்டுமென்றால் நூற்றுக்கு மேல் வேண்டும், அதுவும் பல தட்டுகளில் பிரித்து வைத்து. இல்லாவிட்டால் மூன்று முறையில் ஒரு முறை காணாமல் போவது இயல்பே. உங்கள் இரண்டாம் முறை பொய் என்றோ முதல் முறை உண்மை என்றோ இப்போது யாரும் சொல்ல முடியாது.

ஈக்கூடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் பழ ஈக்காரன். எங்கள் பக்கம் முதலில் கேட்கிற கேள்வி: மருந்து கலந்த உணவை அவை தின்கின்றனவா? செடிச் சாறு பெரும்பாலும் கசப்பு. கசந்தால் ஈ குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்றால் ஆயுள் நீளும். உணவைக் குறைத்தால் ஈஸ்ட், புழு, ஈ, சுண்டெலி என்று பல உயிர்களில் ஆயுள் நீள்வது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. அப்போது நீங்கள் அளந்தது மூலிகையின் குணத்தையா, பட்டினியின் குணத்தையா?

நாங்கள் உணவில் நிறமி கலந்து கொடுத்து வயிற்றில் எவ்வளவு நிறம் சேர்ந்திருக்கிறது என்று அளப்போம். நுண்குழாயில் திரவ உணவு வைத்து மட்டம் எவ்வளவு இறங்கியது என்றும் பார்க்கலாம். புழுவில் தொண்டை எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணலாமே? இன்னொன்று: முட்டை எண்ணிக்கை. மருந்து தின்ற பெண் ஈ முட்டையிடுவது குறைந்திருந்தால், நீண்ட ஆயுளுக்கு அது வேறு கணக்கில் விலை கொடுத்திருக்கிறது.

அதற்காகச் செடிச் சாறுகள் எல்லாமே வெறும் பட்டினி என்று சொல்ல வரவில்லை. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நெல்லிக்காயிலிருந்து செய்யும் ஆமலகி ரசாயனத்தைப் பழ ஈக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 2012இல் வெளியானது. ஆயுளை மட்டும் பார்க்காமல் வெப்பத்தையும் பட்டினியையும் தாங்கும் திறன், முட்டையிடும் அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். அந்த முறை எனக்குப் பிடித்தது. ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு பேசுவதைவிட அது பல மடங்கு மேல்.

நுண்ணோக்கி

ஈக்கூடு சொல்வது சரி. அதோடு புழுவுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மூலிகைச் சாறு வைத்து வேலை செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

புழுவுக்கு உணவு பாக்டீரியா. இளமையில் அதைத் தொண்டையில் அரைத்துத் தின்கிறது. வயதானபின் அரைக்கும் வலு குறைந்து, அரைபடாத பாக்டீரியா உள்ளேயே தங்கிப் பெருகுகிறது. பல புழுக்களின் சாவுக்கு அதுவே காரணம். பாக்டீரியாவைக் கொன்றோ, பெருகவிடாமல் தடுத்தோ கொடுத்தால் எந்த மருந்தும் இல்லாமலே புழு கூடுதல் நாள் இருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மருந்துச் செடிகளின் வேரிலும் பட்டையிலும் இருக்கும் பொருள்களில் பெரும்பகுதி எதற்காக உருவானவை? மண்ணிலுள்ள பூஞ்சையையும் பாக்டீரியாவையும் விரட்டுவதற்காக. அப்படிப்பட்ட சாற்றைத் தட்டில் ஊற்றினால் முதல் அடி புழுவின் மேல் விழாது, அதன் சோற்றின் மேல் விழும்.

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினின் கதை இதற்கு நல்ல பாடம். அதன் வேரும் ஒரு செடியில்தான் இருக்கிறது: கலேகா அஃபிசினாலிஸ் என்ற செடியில் உள்ள கலெகின் என்ற பொருளின் தொடர்ச்சியாக வந்த மருந்து அது. மெட்ஃபார்மின் புழுவின் ஆயுளை நீட்டுகிறது என்று கண்டார்கள். பிறகு 2013இல் இன்னொரு குழு உள்ளே போய்ப் பார்த்தபோது, மருந்து பாக்டீரியாவின் ஃபோலேட், மெத்தியோனின் வளர்சிதைமாற்றத்தைக் குலைப்பதும், அந்த மாறிய பாக்டீரியாவைத் தின்றதால் புழு நெடுநாள் இருப்பதும் தெரிந்தது. பாக்டீரியா இல்லாத நிலையில் அதே மருந்து புழுவின் ஆயுளைக் குறைத்தது! நம் குடலிலும் பாக்டீரியா இருப்பதால் அது பயனற்ற முடிவு ஆகிவிடவில்லை. ஆனால் 'புழுவின் உயிரணுக்குள் மருந்து செய்த மாயம்' என்று முன்பு எழுதியதை எல்லாம் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

ஆகவே தளிர், உங்கள் சாற்றை ஓபி50 மேல் மட்டும் போட்டு வளர்ச்சி குறைகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் வேலை. அப்புறம் புற ஊதா ஒளியில் கொன்ற பாக்டீரியாவை வைத்து ஆயுளைத் திரும்பப் பாருங்கள்.

குடுவை

வேதியியல் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. மூன்று முறையும் ஒரே புட்டிச் சாறா?

தளிர்

இல்லை. முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் ஒரே புட்டி. இரண்டாம் முறைக்குப் புதிதாக எடுத்த சாறு. வேர் வேறு பருவத்தில் தோண்டியது. அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

குடுவை

அதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது!

சாறு என்பது ஒரு பொருள் இல்லை. ஒரு வேரில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கும், பருவம், மண், உலர்த்திய விதம், ஆல்கஹாலின் அளவு எல்லாவற்றுக்கும் ஏற்ப விகிதம் மாறும். இரண்டு புட்டியிலும் ஒரே செடியின் பெயர் ஒட்டியிருக்கலாம், உள்ளே இருப்பது இரண்டு வெவ்வேறு மருந்து. இரண்டையும் சேர்மங்களைத் தனித்தனி முகடுகளாகப் பிரித்துக் காட்டும் உயரழுத்தத் திரவ நிறப்பகுப்பில் ஓடவிட்டு, அந்த முகடுகளை ஒப்பிடுங்கள். அதைச் செய்யாமல் நான்காம் முறை தொடங்காதீர்கள்.

செறிவு பற்றியும் சொல்ல வேண்டும். புழுவின் தோல் தடித்தது, தட்டில் போடுவதில் சிறு பகுதிதான் உள்ளே போகும். அதனால் ஐம்பது, நூறு மைக்ரோமோலார் என்று அள்ளிப் போடுகிறோம். மனித இரத்தத்தில் வாய்வழி எடுத்துக்கொண்ட ரெஸ்வெரட்ரால் மாறாத வடிவில் கிடைப்பது மிகச் சொற்பம். குடல் நன்றாகவே உறிஞ்சுகிறது, ஆனால் குடற்சுவரும் கல்லீரலும் அதை உடனே வேறு வடிவமாக மாற்றிவிடுகின்றன. தட்டில் போட்ட அளவை அப்படியே மனிதனுக்கு மாற்றிக் கணக்குப் போடுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

குர்குமின் இன்னும் தொல்லை பிடித்தது. நடுநிலை நீரில் மணிக்கணக்கில்கூட நிலைத்திருக்காது, சிதைந்துபோகும். தானே ஒளிரும். புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும். ஒளிர்வை அளந்து முடிவு சொல்லும் சோதனைகளில் அது செயல்படுவதுபோலவே தோன்றும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் இதையெல்லாம் தொகுத்து, அப்படிப்பட்ட சோதனை முடிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள் என்று எழுதினார்கள். புழுவிலும் ஈயிலும் குர்குமின் ஆயுளை நீட்டியதாக வெளிவந்த முடிவுகள் உண்மையாகவே இருக்கலாம். 'எப்படி' என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில்தான் எனக்குப் பெரிய ஐயம்.

வேர்

நான் மரபு மருத்துவம் படித்துச் சிகிச்சை அளிப்பவன். குடுவை சொல்வதில் ஒரு பகுதியோடு எனக்கு உடன்பாடு, ஒரு பகுதியோடு இல்லை.

சாறு மாறும், பருவம் மாறும் என்பது முழுக்க உண்மை. பழைய நூல்களே எந்தப் பருவத்தில் எந்த உறுப்பை எடுக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். ஆனால் சாறு கலவை என்பதால் அதிலிருந்து ஒரே சேர்மத்தைப் பிரித்தெடுத்துவிட்டால் தெளிவு வந்துவிடும் என்கிற நினைப்பு எனக்கு ஒப்பவில்லை. ஒன்று உறிஞ்சப்பட இன்னொன்று உதவுகிறது, ஒன்றன் கடுமையை இன்னொன்று தணிக்கிறது. பிரித்தெடுத்த சேர்மம் வேலை செய்யவில்லை என்பதை வைத்து அந்தச் செடியே வேலை செய்யாது என்று எழுதிவிடுகிறார்கள். இது அறமா?

குடுவை

ஐயா, உறிஞ்சலுக்கு உதவுவது பற்றி நீங்கள் சொல்வது மெய்தான். மிளகிலுள்ள பைப்பரின் குர்குமினோடு சேர்ந்தால் மனித இரத்தத்தில் குர்குமின் கிடைக்கும் அளவு 2000 விழுக்காடு கூடியதாக 1998இல் வந்த ஆய்வு காட்டியது. அந்தக் கருத்தை நான் மறுக்கவே இல்லை.

நான் கேட்பது வேறு. கூட்டாக வேலை செய்கிறது என்றால் அதையும் சோதிக்க முடியும். முழுச் சாறு, அதைப் பிரித்த பகுதிகள், பகுதிகளைத் திரும்பச் சேர்த்த கலவை, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். திரும்பச் சேர்த்தபோது மட்டும் விளைவு வந்தால் உங்கள் கூற்று நிலைநாட்டப்படுகிறது. சோதிக்காமல் 'கூட்டு' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

வேர்

அப்படிச் செய்தால் நான் முதல் ஆளாக வரவேற்பேன். இதுவரை அப்படிச் செய்த ஆய்வுகள் மிகக் குறைவாகவே என் கண்ணில் பட்டிருக்கின்றன, அதுதான் என் குறை.

எலிக்கூண்டு

புழுவிலிருந்து எலிக்கு வருவோமா? தளிர் முதல் பதிவில் ரெஸ்வெரட்ரால் என்று எழுதியதால் அந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வெற்றிக் கதை என்று நீங்கள் படித்தது அதன் முதல் அத்தியாயம் மட்டும்.

2003இல் ரெஸ்வெரட்ரால் ஈஸ்டின் ஆயுளை 70 விழுக்காடு வரை நீட்டியதாகவும், சர்டுயின் என்ற நொதியைத் தூண்டுவதே காரணம் என்றும் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டு புழுவிலும் ஈயிலும் நீட்சி என்றார்கள். 2005இல் வேறு குழுவினர் வெவ்வேறு ஈஸ்ட் வகைகளில் செய்து பார்த்தபோது ஆயுள் நீளவில்லை. சோதனைக் குழாயில் நொதி தூண்டப்பட்டதுபோல் தெரிந்ததே, சோதனைக்காக ஒட்டப்பட்ட ஒளிரும் மூலக்கூறைப் பொறுத்தது என்றும் காட்டினார்கள். 2007இல் புழுவிலும் ஈயிலும் திரும்பச் செய்தவர்களுக்கு முடிவு சீராக வரவில்லை. இதற்கு நடுவில் 2006இல் கொழுப்பு மிகுந்த தீனி தின்ற சுண்டெலிகள் ரெஸ்வெரட்ராலால் நெடுநாள் இருந்தன என்ற முடிவு வந்து, உலகமே பரபரத்தது. 2008இல் சாதாரணத் தீனி தின்ற சுண்டெலிகளில் பார்த்தபோது உடல்நலக் குறிகள் சில மேம்பட்டன, ஆயுள் நீளவில்லை. அதே ஆண்டில் கிளாக்ஸோஸ்மித்கிளைன் நிறுவனம் இந்த வழியில் மருந்து தேடிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2013இல் அதன் தனி அலுவலகத்தை மூடியது.

சர்டுயின் விவாதம் அதோடு முடியவில்லை. இயற்கையான சில புரத இலக்குகளில் தூண்டல் உண்மையே என்று 2013இல் ஒரு பதில் வந்தது. நான் சொல்ல வருவது ரெஸ்வெரட்ரால் பொய் என்பதில்லை. ஒரே ஈஸ்ட், ஒரே தீனி, ஒரே கூடம் என்றிருக்கும்போது கிடைக்கிற முடிவு எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதுதான்.

அதனால்தான் அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனம் நடத்தும் ஐடிபி என்ற சோதனைத் திட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே பொருளை ஜாக்சன் ஆய்வகம், மிச்சிகன் பல்கலைக்கழகம், சான் அன்டோனியோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவ மையம் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் சோதிக்கிறார்கள். எலிகளும் ஒரே அச்சில் வார்த்த இனம் இல்லை, நான்கு இனங்களைக் கலந்து ஒவ்வொன்றும் மரபில் வேறுபட்டிருக்கும்படி வளர்த்தவை. அங்கே ரெஸ்வெரட்ரால், குர்குமின், பச்சைத் தேயிலைச் சாறு எதுவும் ஆயுளை நீட்டவில்லை. வேறு கூடத்தில் முதிய எலிகளின் ஆயுளை நீட்டியதாக 2018இல் பேசப்பட்ட ஃபிசெட்டினும் நீட்டவில்லை.

அதே திட்டத்தில் ராபமைசின் 2009இல் வென்றது. 600 நாள் வயதில், அதாவது கிழப்பருவத்தில் தொடங்கியும் 90 விழுக்காடு எலிகள் இறக்கும் வயது பெண்ணில் 14, ஆணில் 9 விழுக்காடு தள்ளிப்போயிற்று. அது செடியிலிருந்து வந்ததில்லை, மண் பாக்டீரியாவிலிருந்து வந்தது. செடியிலிருந்து வந்தவற்றில் என்டிஜிஏ ஆண் எலிகளில் மட்டும் நீட்டியது. கிரியோசோட் புதரில் கிடைப்பது. அந்தப் புதரை மருந்தாக உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பழுதுபட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன! எலியின் ஆயுள் நீட்சியும் மனிதனுக்கான பாதுகாப்பும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு பழக்கம் சொல்கிறேன். எலி ஆய்வு எதைப் படித்தாலும் முதலில் கட்டுப்பாட்டுக் குழு எத்தனை நாள் இருந்தது என்று பாருங்கள். நன்றாக வளர்த்த எலி இரண்டரை ஆண்டு இருக்கும். கட்டுப்பாட்டு எலிகள் இரண்டு ஆண்டுக்கு முன்பே செத்திருந்தால், அங்கே மருந்து முதுமையைத் தள்ளிப்போடவில்லை, மோசமான வளர்ப்பினால் வந்த நோயைத்தான் கொஞ்சம் ஈடுகட்டியிருக்கிறது. புழுவுக்கும் இதே கணக்குதான்.

மாலைநேரம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஆய்வாளர் இல்லை. என் அம்மாவுக்கு எழுபது வயது. முதுமையைத் தள்ளிப்போடும் என்று யாரோ சொல்லி, குர்குமினும் பைப்பரினும் சேர்ந்த மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இரத்தம் உறையாமல் இருக்கவும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். மேலே படித்த பிறகு பயமாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லட்டுமா?

வேர்

அம்மா எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், இந்த மூலிகை மாத்திரையையும் சேர்த்து, அவருக்கு மருந்து எழுதிய மருத்துவரிடம் இந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

குடுவை மேலே சொன்ன பைப்பரின், குர்குமினை மட்டும் உடலில் தங்க வைப்பதில்லை. மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகளையே அது தடுக்கிறது. அப்போது மற்ற மருந்துகளும் கூடுதலாகத் தங்கக்கூடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் அளவு கொஞ்சம் கூடினாலும் இரத்தக்கசிவு வரலாம். மஞ்சள் மாத்திரைகளாலும் அமுக்கரா மாத்திரைகளாலும் கல்லீரல் வீங்கிய நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. என் துறையைச் சேர்ந்தவர்கள் சிலர் இதைப் பேச விரும்புவதில்லை. நான் பேசியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். மருந்து என்று சொல்லும் உரிமை வேண்டுமென்றால், தீங்கும் செய்யும் என்று சொல்லும் கடமையும் கூடவே வருகிறது.

மாலைநேரம்

நன்றி ஐயா. நாளை மறுநாளுக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். ஒரு கேள்வி மட்டும்: இவ்வளவு ஓட்டை இருக்கும்போது புழுவில் எதற்காகப் பார்க்கிறார்கள்?

நுண்ணோக்கி

மிக நல்ல கேள்வி, எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வியும்கூட.

1993இல் டாஃப்-2 என்ற ஒற்றை மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் புழுவின் ஆயுளை இரண்டு மடங்குக்கு மேல் நீட்டியதைச் சிந்தியா கென்யனின் குழு காட்டியது. டாஃப்-16 என்ற இன்னொரு மரபணு இல்லாவிட்டால் அந்த நீட்சி இல்லை. டாஃப்-2 என்பது நம் உடலில் இன்சுலினும் அதன் உறவு ஹார்மோனும் வந்து ஒட்டும் ஏற்பிகளின் புழு வடிவம். முதுமை என்பது இயந்திரம் தேய்வதுபோல் சும்மா நடப்பதில்லை, அதை முடுக்கவும் தணிக்கவும் கூடிய கட்டளைகள் உடலுக்குள்ளேயே இருக்கின்றன என்று அது காட்டியது. இருபது நாளில் வாழ்ந்து முடிக்கிற, கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற, ஒரு மில்லிமீட்டர் உயிர் இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடிக்க எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்?

செடிச் சேர்மங்களிலும் புழு கற்றுத் தந்தது நிறைய. 'ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் என்றால் இளமை' என்று எல்லோரும் நம்பிய காலம் உண்டு. புழுவில் ஆக்சிஜன் கழிவைத் துடைக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் மரபணுக்கள் ஐந்தையும் நீக்கிப் பார்த்தார்கள், ஆயுள் குறையவில்லை. 2007இல் வேறொரு குழு, குளுக்கோஸைப் புழு பயன்படுத்த முடியாமல் தடுத்தபோது ஆக்சிஜன் கழிவு சற்றே கூடியதையும், அந்தச் சிறு நெருக்கடியால்தான் ஆயுள் நீண்டதையும் கண்டது. ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் கொடுத்ததும் அந்த நன்மை போயிற்று. ஆகவே பல செடிச் சேர்மங்கள் கழிவைத் துடைப்பதால் உதவவில்லை, மெல்லிய நஞ்சாக உடலைச் சீண்டி, அதன் தற்காப்பை எழுப்புவதால் உதவுகின்றன என்ற பார்வை வலுத்தது. அளவு குறைவாக இருந்தால் நன்மை, கூடினால் தீமை என்ற வளைவும் அதனால்தான். நான் இந்தத் துறைக்குள் வந்ததே இதைப் படித்துத்தான்.

புழுவில் எது இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வளர்ந்த புழுவின் உடல் செல்கள் பிரிவதில்லை. அதனால் அதற்குப் புற்றுநோய் வராது. ஆய்வுக்கூட எலிகளோ பெரும்பாலும் புற்றுநோயில்தான் சாகின்றன. ஒன்றில் ஆயுளை நீட்டும் பொருள் இன்னொன்றில் நீட்டாமல் போவதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

அதையும் தாண்டி எலி வரை, மனிதர் வரை நடந்து வந்த பொருள்கள் உண்டு. மாதுளையில் உள்ள எலாஜிட்டானின்களைக் குடல் பாக்டீரியா மாற்றி யூரோலித்தின் ஏ ஆக்குகிறது. 2016இல் அது புழுவின் ஆயுளை 45 விழுக்காடு நீட்டியதாகவும், பழுதான மைட்டோகாண்ட்ரியாக்களைச் செல்லே அப்புறப்படுத்தும் வேலையைத் தூண்டுவதாகவும் வந்தது. எலிகள் கூடுதலாக ஓடின. மனிதச் சோதனையில், முதியோர் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் போலி மருந்தைவிடக் கூடவில்லை. தசை களைத்துப்போகாமல் தாங்குவதில் முன்னேற்றம் தெரிந்தது. புழுவின் 45 மனிதரில் இப்படித்தான் வந்து சேர்கிறது. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. எதைத் தேட வேண்டும் என்று புழு சொல்லித் தந்தது, அதுவே பெரிய உதவி.

ஈக்கூடு

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கூடுதல். ஆஷிதாபா என்ற செடியிலிருந்து எடுத்த சேர்மம் ஒன்று ஈஸ்ட், புழு, ஈ மூன்றிலும் ஆயுளை நீட்டியதாக 2019இல் வந்தது. பரிணாமத்தில் அவ்வளவு தொலைவில் இருக்கும் மூன்று உயிர்களிலும் ஒரே திசையில் முடிவு வந்தால், நான் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பேன். தளிர், உங்கள் சாறு தேறினால் ஈக்களில் நான் பார்த்துத் தருகிறேன்.

தளிர்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். எல்லோரும் சொன்னதைச் செய்தேன்.

நிறப்பகுப்பில் இரண்டு புட்டியும் ஒன்றாக இல்லை. பழைய புட்டியில் உயரமாக நின்ற ஒரு முகடு புதிய புட்டியில் அநேகமாக இல்லை. குடுவை அண்ணா, உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பழைய புட்டிச் சாறு ஓபி50இன் வளர்ச்சியைக் குறைக்கிறது. தட்டில் படர்ந்த படலம் கண்ணுக்கே மெலிதாகத் தெரிகிறது, இத்தனை நாள் நான் அதைப் பார்க்கவே இல்லை. புதிய புட்டி அப்படிச் செய்யவில்லை.

அப்புறம் கொன்ற பாக்டீரியாவில், பெயர் மறைத்து, குழுவுக்கு நூற்றிருபது புழு. எண்ணியவர் பக்கத்து மேசைத் தோழி. கட்டுப்பாட்டுப் புழுக்களே முன்பைவிடக் கூடுதல் நாள் இருந்தன. இரண்டு கோட்டுக்கும் இடையே இருந்த இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொண்டது. தாளை விரித்து எந்த எண் எது என்று பார்த்தபோது தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று. பதினைந்தாம் நாளில் நீர்த்துளியில் விட்டு உடலை வளைப்பதை எண்ணினோம். சாறு பெற்றவை கொன்ற பாக்டீரியாவிலும் கூடுதலாக வளைந்தன. தொண்டைத் துடிப்பில் வேறுபாடு இல்லை, அதனால் பட்டினி என்று தோன்றவில்லை. ஆயுள் நீளாமல் அசைவு மட்டும் நன்றாக இருப்பது பொருளுள்ள முடிவா?

நுண்ணோக்கி

பொருளுள்ளதுதான்! படுத்த படுக்கையாகக் கூடுதல் நாள் இருப்பதைவிட, இருக்கிற நாளில் எழுந்து நடமாடுவதைத்தானே யாரும் கேட்பார்கள்? ஆனால் ஒரு முறை கண்டது ஒரு முறைதான். பழைய புட்டியில் எவ்வளவு மீதி இருக்கிறது?

தளிர்

இன்னும் இரண்டு முறைக்கு வரும்.

குடுவை

அதில் ஒரு பங்கை உடனே தனியாக உறையவைத்துவிடுங்கள், தொடவே தொடாதீர்கள். மீதியில் அந்த முகட்டை மட்டும் பிரிக்கலாம். வேர் ஐயா கேட்டாரே, பிரித்ததையும் முழுச் சாற்றையும் திரும்பச் சேர்த்ததையும் பக்கத்தில் வைத்து: அதை இதிலேயே செய்துவிடலாம்.

வேர்

மகிழ்ச்சி. முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் இங்கே எழுதுங்கள்.

நுண்ணோக்கி

சாறு அந்த இன்சுலின் வழியாகத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க, டாஃப்-16 இல்லாத புழுக்களையும் ஒரு வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதை முட்டையிட்ட நாளிலிருந்து எண்ணுகிறீர்களா, பொரித்த நாளிலிருந்தா என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அமெரிக்காவின் பக் நிறுவனம், ரட்கர்ஸ், ஓரிகன் பல்கலைக்கழகங்கள் என்று இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட மூன்று கூடங்கள் சேர்ந்து ஒரே சோதனையைத் தொடங்கியபோதுகூட இதில்தான் முதலில் முரண்பட்டார்கள். அதைச் சரிசெய்த பிறகுதான் மூன்று இனங்களில் 22 வகைப் புழுக்களை வைத்து 2017இல் முடிவு வெளியிட முடிந்தது.

தளிர்

எழுதிவிட்டேன் அக்கா, முட்டையிட்ட நாள்தான். டாஃப்-16 புழுக்கள் நேற்று வந்தன, இரண்டு தலைமுறை நன்றாகத் தின்ன விட்ட பிறகு தொடங்குகிறேன். எண்கள் எழுதிய தாளைத் தோழி பூட்டி வைத்திருக்கிறாள்.